பழசாப் போனது லப்டொப் இல்லை

“பற்றரி நிக்குதில்லை மச்சான்.”

“அப்ப புதுசு ஒண்டு வாங்கன்.”

இந்த ரெண்டு வசனத்தையும் கேட்காமல் கம்பஸில் ஒரு கிழமையைக் கடத்துவது கஷ்டம். இடையில் யாராவது “லினக்ஸ் போட்டுப் பாரன்” என்று வாய் திறந்தால் மூன்றாவது வசனம் வந்து விழும்: “அது ஐ.ரி. பெடியளின்ர வேலை. ஆர்ட்ஸ் படிக்கிற பிள்ளைக்கு அது எதுக்கு?”

முதலாவது வசனம் உண்மை. ரெண்டாவது, கையில் காசு இருக்கிறவர்களுக்கு மட்டும் பொருந்துகிற ஆலோசனை. மூன்றாவது சுத்தப் பிழை. சொல்லப்போனால், பழைய லப்டொப் ஒன்றில் பாரம் குறைந்த லினக்ஸைப் போட்டு, இருக்கிற பற்றரியை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கிற தேவை மற்றப் பீடங்களை விட எங்களுக்குத்தான் கூட. ஏனென்று சொல்கிறேன்.

முதலில் காசுக் கதை. 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் கிட்டத்தட்ட 200 ரூபா. அதே வருஷம் மே மாதம் அது 360 ரூபா. டொலர் கொடுத்து இறக்குமதி செய்கிற பொருளுக்கு இதன் அர்த்தம் என்ன என்பது பொருளியல் படிக்காதவருக்கும் விளங்கும். ரூபா பிறகு கொஞ்சம் நிமிர்ந்தது, பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. மகாபொல 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆனது. ஒண்டரை லட்சத்துக்கு ஒரு லப்டொப் பார்க்கிறீர்கள் என்று வையுங்கோ. அந்த 7,500 கணக்கில் அது சாப்பாடு, போர்டிங், பஸ் காசு எதற்கும் ஒரு சதமும் எடுக்காமல் சேர்த்த இருபது மாச மகாபொல. “புதுசு வாங்கு” என்று சொல்கிற ஒருவரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

அடுத்தது கரண்ட் கதை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததோடு நாடு முழுக்க இருட்டாகிப் போனது. அடுத்து வந்த நாட்களிலும் ஒண்டரை மணித்தியால வெட்டு இருந்தது. வெட்டே இல்லாத நாளில் மட்டும் என்ன வாழுது? நூறு பேர் இருக்கிற விரிவுரை மண்டபத்தில் வேலை செய்கிற பிளக் பொயின்ற் எத்தனை என்று எண்ணிப் பாருங்கோ. லைப்ரரியில் சுவர்ப்பக்க மேசைக்கு ஏன் சண்டை என்று யோசியுங்கோ. அந்த மேசையில் காத்து நல்லா வாறது என்றதுக்காக ஒருவரும் இடம் பிடிப்பதில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு பற்றரி ஒரு வசதி இல்லை. அது படிக்கக் கிடைக்கிற நேரம். பற்றரி ஒரு மணித்தியாலம் நிற்கிற பிள்ளைக்கும் மூன்று மணித்தியாலம் நிற்கிற பிள்ளைக்கும் இடையில் இருக்கிற வித்தியாசம் கெட்டித்தனம் இல்லை.

இனி, “பழசு” என்ற சொல்லுக்கு வருவோம். யார் அதைத் தீர்மானிக்கிறது?

விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலையில். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு அதற்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. நிபந்தனைகளோடு ஒரு வருஷம் மேலதிகமாக, 2026 ஒக்டோபர் வரை, வாங்கிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு விண்டோஸ் 11க்குப் போ என்கிறார்கள். அதற்கு ரி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேணும்; இன்டெல் என்றால் எட்டாந் தலைமுறையோ அதற்குப் பிறகோ வேணும். 2017இல் ஏழாந் தலைமுறைச் சில்லோடு வாங்கின ஒரு லப்டொப்பை எடுங்கோ. விண்டோஸ் 11 வந்த 2021இல் அதற்கு வயசு நாலு. ஒரு சில விலக்குகளைத் தவிர, நாலு வயசிலேயே அதைப் பட்டியலில் இருந்து வெட்டியாச்சு. ஸ்கிரீன் நல்லா இருக்குது. கீபோர்ட் நல்லா இருக்குது. பி.டி.எஃப். திறக்குது, கட்டுரை அடிக்குது. ஆனால் அது “பழசு”. இதே இயந்திரத்தில் லினக்ஸ் மின்ற் 22 ஓடும், அதற்கு 2029 வரை திருத்தங்கள் வரும். அப்போ பழசாகிப் போனது இயந்திரமா, அல்லது அதை வைத்திருக்கிறவரின் பெயர் ஒரு கம்பனியின் வியாபாரத் திட்டத்தில் இல்லாமல் போச்சா?

லினக்ஸ் போட்டால் பற்றரி ரெண்டு மடங்காகும் என்று சில பெடியள் சத்தியம் பண்ணுவார்கள். அதை நம்பாதீர்கள். லிதியம் அயன் பற்றரி சார்ஜ் ஏறி இறங்க ஏறி இறங்கத் தேயும். வெக்கையில் இன்னும் கெதியாகத் தேயும். தேய்ந்ததை எந்த மென்பொருளும் திருப்பித் தராது. மென்பொருள் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: செலவைக் குறைப்பது. கணக்கு மிகச் சின்னது. புதுசில் 40 வற்மணித்தியாலம் இருந்த பற்றரியில் இப்போது 20 மிச்சம் இருக்குது என்று வையுங்கோ. லப்டொப் 12 வற் இழுத்தால் ஒரு மணித்தியாலமும் நாற்பது நிமிஷமும் நிற்கும். அதை 8 வற்றுக்குக் கொண்டு வந்தால் ரெண்டரை மணித்தியாலம். பற்றரி அதேதான். ஒரு முழு விரிவுரை கூடக் கிடைக்குது.

அந்த 4 வற் எங்கே போகுது? எங்களில் கனபேரிடம் இருப்பது 4 ஜி.பி. றாம், சுழல்கிற பழைய ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் தனக்குத் தானே பின்னால் வேலை செய்துகொண்டிருக்கும்: அப்டேற் தேடும், கோப்புகளை அட்டவணைப்படுத்தும், வைரஸ் சோதிக்கும், தகவல் அனுப்பும். பிரவுசரில் நாலு ராப் திறந்தவுடன் றாம் நிரம்பிவிடும். நிரம்பினால் மிச்சத்தை டிஸ்கில் எழுதி எழுதி வாசிக்கும். டிஸ்க் ஓயாமல் சுழலும், சில்லு உறங்காது, விசிறி சத்தம் போடும். நீங்கள் ஒரு பந்தி வாசித்துக்கொண்டு சும்மா இருக்கிறீர்கள். இயந்திரமோ ஓடிக் களைக்குது. பாரம் குறைந்த லினக்ஸ் என்றால் இந்த ஓட்டத்தை நிற்பாட்டுவது. அதில் மந்திரம் ஒன்றும் இல்லை. புதிய, 16 ஜி.பி. றாம் உள்ள லப்டொப்பில் இந்த வித்தியாசம் இவ்வளவு இராது. உற்பத்தியாளர் விண்டோஸுக்காகவே செப்பனிட்டிருந்தால் சிலவேளை விண்டோஸே கூட நேரம் நிற்கும். ஆகவே இது புது லப்டொப்காரர்களுக்கான கட்டுரை இல்லை.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் அளவுங்கோ. விண்டோஸிலேயே பற்றரி றிப்போர்ட் எடுக்கலாம். அதில் புதுசில் இருந்த கொள்ளளவும் இப்போது நிரம்புகிற கொள்ளளவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கால்வாசிதான் மிச்சம் என்றால் காசு சேர்த்து பற்றரியையே மாற்றுங்கோ, லினக்ஸைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. பாதிக்கு மேல் இருந்தால் மேலே வாசியுங்கோ.

4 ஜி.பி. றாம் இருந்தால் லினக்ஸ் மின்றின் எக்ஸ்.எஃப்.சி.ஈ. பதிப்பு அல்லது லுபுண்டு போதும். 2 ஜி.பி. இருக்கிற பழங்கிழங்களுக்கு அன்ரிஎக்ஸ். ஒரு பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலே அதிலிருந்து ஓட்டிப் பாருங்கோ. வைஃபை பிடிக்குதா, சத்தம் வருதா, ஸ்கிரீன் வெளிச்சம் கூடிக் குறையுதா என்று பார்த்துவிட்டு நிறுவலாம். நிறுவ முதல் உங்கள் கோப்புகள் எல்லாவற்றையும் வேறு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கோ. பயமாக இருந்தால் விண்டோஸை ஒரு பக்கம் வைத்துவிட்டு மற்றப் பக்கம் லினக்ஸைப் போடலாம். ஒருவரும் மதம் மாறச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ரி.எல்.பி. என்ற சின்ன மென்பொருளை நிறுவுங்கோ. சார்ஜர் கழன்றதும் சில்லு, டிஸ்க், வைஃபை எல்லாவற்றையும் சிக்கனத்துக்குக் கொண்டு போகிற வேலையை அது தானாகச் செய்யும். “பவர் புரொஃபைல்ஸ்” என்று வேறொன்று ஏற்கனவே இருந்தால் ரெண்டில் ஒன்றைத்தான் வைத்திருக்க வேணும், ரெண்டும் சண்டை பிடிக்கும். திங்க்பாட் போன்ற சில லப்டொப்களில் ரி.எல்.பி. ஊடாக சார்ஜை 80 வீதத்தில் நிறுத்தலாம், பற்றரி மெதுவாகத் தேயும். நாளைக்குக் கரண்ட் இல்லை என்று தெரிந்தால் அண்டைக்கு மட்டும் 100 வரை விடுங்கோ. எது எவ்வளவு இழுக்குது என்று பார்க்க இன்டெல் எழுதின பவர்ரொப் இருக்குது. றாம் குறைவு என்றால் சீரேம் போடுங்கோ. அது டிஸ்கில் எழுதாமல் றாமுக்குள்ளேயே தகவலைச் சுருக்கி வைக்கும்.

மிச்சம் பழக்கம். ஸ்கிரீன் வெளிச்சம்தான் பெரிய தின்னி. அதைப் பாதியாக்கினால் மென்பொருள் எல்லாம் சேர்ந்து மிச்சம் பிடிப்பதை விடக் கூடவும் மிஞ்சலாம். யூரியூப் இப்போது அனுப்புகிற காணொளி வகைகளை நாலாந் தலைமுறை ஐ3 போன்ற பழைய சில்லுகளால் வன்பொருளில் அவிழ்க்க ஏலாது. முழு வேலையும் சில்லின் தலையில் விழும், பற்றரி கண்முன்னே இறங்கும். எச்.264 வகையை மட்டும் கேட்கிற ஒரு பிரவுசர் நீட்சி இருக்குது, அதைப் போடுங்கோ. சில லப்டொப்கள் லினக்ஸில் உறங்கும்போதும் பற்றரியைக் குடிக்கும். பையில் வைக்க முதல் முழுதாக நிற்பாட்டுங்கோ. கொஞ்சக் காசு கிடைத்தால் முதல் செலவு புது லப்டொப் இல்லை, ஒரு எஸ்.எஸ்.டி.

இனி “ஆர்ட்ஸ் பிள்ளைக்கு எதுக்கு” என்ற கேள்வி. கொஞ்சம் நேர்மையாக யோசிப்போம். முப்பரிமாணப் படம் வரைகிறவரின் வேலைக்குப் பாரமான இயந்திரம் வேணும். நாங்கள் என்ன செய்கிறோம்? வாசிக்கிறோம், எழுதுகிறோம், நேர்காணல் பதிவைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்கிறோம். ஒரு கணினியிடம் கேட்கக்கூடிய ஆகக் குறைந்த வேலை இதுதான். மின்சாரத்தில் ஆகக் குறைவாகத் தின்ன வேண்டிய லப்டொப் எங்களுடையதுதான். அதைவிட, கணினி சம்பந்தமான பீடங்களில் லாப் இருக்குது, இயந்திரம் சரியில்லை என்றால் போய் இருக்கலாம். எங்களில் அநேகருக்கு மடியில் இருக்கிற ஒன்றைத் தவிர வேறு கதி இல்லை.

“தமிழ் அடிக்க ஏலாதே?” ஏலும். எங்கள் நாட்டுத் தராதரமான ரெங்கநாதன் விசைப்பலகை, தமிழ்99, ஒலியியல் முறை மூன்றும் ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையில் கிடைக்குது. என்.எச்.எம். ரைற்றர் விண்டோஸுக்கு மட்டும் என்பது உண்மை. கை பழக ரெண்டு கிழமை எடுக்கும். பாமினி எழுத்துரு வெறும் எழுத்துருக் கோப்பு, அதை லினக்ஸிலும் போடலாம். ஆனால் உங்களைக் கேட்கிறேன்: யுனிக்கோட் வந்து இத்தனை வருஷத்துக்குப் பிறகும் ஆய்வுக் கட்டுரையை பாமினியில் அடித்துத் தா என்று கேட்பது யாருடைய வசதிக்காக? பாமினியில் அடித்ததை இணையத்தில் தேட ஏலாது, போனில் வாசிக்க ஏலாது. லப்டொப்பைப் பழசு என்கிறவர்கள் இந்தப் பழசை மட்டும் தொட மாட்டார்கள்.

“வேர்ட் கோப்பு குழம்புமே?” அட்டவணையும் படமும் நிறைய இருந்தால் லிபரே ஒபிஸில் கொஞ்சம் இடம் மாறும், மறுக்கவில்லை. பி.டி.எஃப். ஆக்கி அனுப்புங்கோ, சேர் திருத்தித் தர வேணும் என்றால் கூகுள் டொக்ஸில் போடுங்கோ. சூம் லினக்ஸில் ஓடும். உசாத்துணைக்கு சொடேரோ ஓடும். புவியியல் பிள்ளைகளுக்கு கியூ.ஜி.ஐ.எஸ். இருக்குது. எஸ்.பி.எஸ்.எஸ். கட்டாயம் என்றால் பி.எஸ்.பி.பி.யைப் பாருங்கோ, அது போதாத இடத்தில் பீடத்து இயந்திரத்தில் போய்ச் செய்யுங்கோ. வருஷத்தில் ரெண்டு கிழமைத் தேவைக்காக மிச்ச ஐம்பது கிழமையும் பற்றரி இல்லாமல் அலையத் தேவையில்லை.

உண்மையான தடை தொழில்நுட்பம் இல்லை. எங்களுக்கு நாங்களே பழக்கிக்கொண்ட ஒரு பிரிவினை: விஞ்ஞானம் படிக்கிறவன் இயந்திரத்தைத் திறப்பான், ஆர்ட்ஸ் படிக்கிறவள் அதைக் கடைக்குக் கொண்டு போவாள். பெடியன், பெட்டை என்ற இரட்டைக் கணக்கும் இதற்குள் இருக்குது என்பதை ஒளிக்கத் தேவையில்லை. லினக்ஸ் பெடியளும் இதில் சுத்தவாளிகள் இல்லை. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓட விட்டுவிட்டு, “இது உங்களுக்கு விளங்காது அக்கா” என்று சிரிக்கிறவர்கள் அந்தக் கடைக்காரரை விட என்ன உயர்த்தி? கடையில் என்ன நடக்குது? உரிமம் இல்லாத விண்டோஸ் ஒன்றைப் போட்டு, அதை இயங்க வைக்க ஒரு கிராக்கையும் போட்டுக் காசு எடுப்பார்கள். அந்தக் கிராக்குக்குள் வேறு என்ன ஓடுது, எவ்வளவு பற்றரி தின்னுது என்று ஒருவருக்கும் தெரியாது. லினக்ஸைப் பிரதி எடுத்துக் கொடுப்பது களவு இல்லை, அதன் உரிமமே கொடு என்றுதான் சொல்லுது. மூன்று ஜி.பி. சொச்சத்தை ஒருவர் தரவிறக்கினால் அதே பென்டிரைவ் ஹொஸ்டலில் ஒரு மாடி முழுக்கச் சுற்றலாம்.

இது எங்களுக்கு அந்நியமான விஷயமும் இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு காணாமல் போனவர்களையும் முகாம்களையும் உதவிகளையும் பதிவுசெய்ய இலங்கையில் தொண்டர்கள் சேர்ந்து எழுதினதுதான் சஹானா. கட்டற்ற மென்பொருள். 2005 பாகிஸ்தான் நிலநடுக்கம், 2010 ஹெய்ட்டி நிலநடுக்கம் எல்லாவற்றிலும் அது பாவிக்கப்பட்டது. அதை எழுதினவர்கள் யாரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

எங்களுக்கும் அதில் ஒரு வேலை இருக்குது. இந்த மென்பொருள்களில் தமிழ் இடைமுகம் உண்டு, ஆனால் பல இடங்களில் அரைகுறை. சில சொற்களைப் படித்தால் சிரிப்பு வரும். லிபரே ஒபிஸின் மொழிபெயர்ப்பு வெப்லேற் என்ற தளத்தில் யாரும் பங்கெடுக்கக்கூடியதாகத் திறந்தே கிடக்குது. அதற்கு நிரல் எழுதத் தெரிய வேணும் என்று இல்லை. தமிழ் தெரிய வேணும். மொழிபெயர்ப்பும் மொழியியலும் படிக்கிற பீடம் எது?

ஆகவே கேட்கவேண்டியதைக் கேட்போம். கலைப் பீடத்துக் கணினிப் பாடம் வேர்ட், எக்செல், பவர்பொயின்ற் என்று ஒரே கம்பனியின் மெனுக்களை மனப்பாடம் செய்விப்பதை நிறுத்தட்டும். ஒரு பற்றரி றிப்போர்ட்டை வாசிக்கவும் ஒரு இயங்குதளத்தை நிறுவவும் பழக்கட்டும். அசைன்மென்ட் யுனிக்கோட்டில், பி.டி.எஃப். ஆக வந்தால் ஏற்றுக்கொள்ளட்டும். விரிவுரை மண்டபங்களில் பிளக் பொயின்ற் கூட்டட்டும். கோவிட் நேரம் லேர்ண் வலையமைப்பு ஊடாக டேட்டாக் காசு இல்லாமல் வகுப்பு நடத்த வழி பண்ணினார்கள். மனம் இருந்தால் செய்ய ஏலும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

அவர்கள் செய்யும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. மாணவர் ஒன்றியங்கள் கிரிக்கெட் சுற்றுப்போட்டி வைக்குது, கலைவிழா வைக்குது. வருஷத்தில் ஒரு சனிக்கிழமை, ஒரு மண்டபம், நாலு பென்டிரைவ், ரெண்டு எக்ஸ்டென்ஷன் கோட் வையுங்கோ. தெரிந்தவர் தெரியாதவருக்குக் காட்டட்டும். ஆனால் கீபோர்டில் தெரியாதவரின் கைதான் இருக்க வேணும். அண்டைக்கு இருபது பேர் தங்கள் லப்டொப்பைத் தாங்களே திருத்திக்கொண்டு போனால், அந்த இருபது பேரிடமும் அடுத்த முறை யாராவது “புதுசு ஒண்டு வாங்கன்” என்று சொல்லும்போது திருப்பிக் கேட்க ஒரு கேள்வி இருக்கும்: “ஏன், இதுக்கு என்ன குறை?”